முகத்தாட்சண்யத்தால் கெட்ட அதிபர்: வாரன் ஹார்டிங்கும் டீபாட் டோம் ஊழலும்

1929 அக்டோபரில், ஆல்பர்ட் ஃபால் என்ற முன்னாள் அமெரிக்க அமைச்சர் எட்வர்ட் டோஹனி என்ற எண்ணெய் முதலாளியிடம் ஒரு லட்சம் டாலர் லஞ்சம் வாங்கினார் என்று வாஷிங்டன் நீதிமன்றத்தில் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ஐந்து மாதம் கழித்து அதே ஊரில் அதே ஒரு லட்சம் டாலரை வேறு ஜூரிகள் விசாரித்தார்கள். டோஹனி லஞ்சம் கொடுக்கவில்லை என்று சொல்லி அவரை விடுதலை செய்தார்கள். யாரும் கொடுக்காத லஞ்சத்தை வாங்கியதற்காக ஃபால் சிறைக்குப் போனார். பதவியில் இருந்தபோது செய்த குற்றத்துக்காகச் சிறை சென்ற முதல் அமெரிக்க அமைச்சர் அவர்தான்.

அவரை அமைச்சராக்கிய அதிபர் வாரன் ஹார்டிங் அதற்குள் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹார்டிங் ஒரு டாலர்கூடக் கை நீட்டி வாங்கியதற்கு ஆதாரம் இல்லை. அன்றைய செனட் விசாரணையும் கண்டுபிடிக்கவில்லை, பிறகு நூறு ஆண்டுகள் தோண்டிய வரலாற்றாசிரியர்களும் கண்டுபிடிக்கவில்லை. இருந்தும் 1948-லும் 1962-லும் வரலாற்றாசிரியர்களிடம் கருத்துக் கேட்டு அதிபர்களை வரிசைப்படுத்தியபோது கடைசி இடம் அவருக்குத்தான் கிடைத்தது. அது நியாயமா என்பதைவிட, அவர் பெயரைக் கெடுத்த இந்த டீபாட் டோம் எண்ணெய் ஊழல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் எதை விட்டுச் சென்றது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் அதைச் சொல்ல ஆளை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹார்டிங் 1865-இல் ஓஹியோ மாநிலத்தின் ஒரு குக்கிராமத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் நண்பர்கள் இருவருடன் சேர்ந்து, மேரியன் என்ற சிறு நகரில் மூழ்கிக்கொண்டிருந்த 'மேரியன் ஸ்டார்' என்ற பத்திரிகையை 300 டாலருக்கு வாங்கினார். நண்பர்கள் விலகிக்கொண்டார்கள், இவர் விடவில்லை. தன்னைவிட ஐந்து வயது மூத்த ஃபுளோரன்ஸை 1891-இல் மணந்தார். அந்த அம்மாள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்து, விநியோகத்தைச் சீராக்கி, சந்தாப் பணத்தைக் கறாராக வசூலித்தார். கணவருக்குப் பேச்சும் சிரிப்பும், மனைவிக்குக் கணக்கும் கண்டிப்பும் என்று வேலை பிரிந்தது. பத்திரிகை நன்றாகவே நடந்தது.

பார்க்க அழகான மனிதர். உயரம், நரைத்த முடி, கனத்த குரல் என்று ஓர் அதிபருக்கு வேண்டிய தோற்றம் அப்படியே இருந்தது. யாரையும் புண்படுத்திப் பேசத் தெரியாது. யார் வந்து எது கேட்டாலும் மறுக்கவும் தெரியாது. 'நீ பெண்ணாகப் பிறந்திருந்தால் எப்போதும் வயிற்றைத் தள்ளிக்கொண்டுதான் நின்றிருப்பாய், இல்லை என்று சொல்லத் தெரியாத பிள்ளை' என்று தந்தை தன்னைப் பற்றிச் சொன்னதாக அவரே பத்திரிகையாளர்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னதாக ஒரு கதை நிலைத்துவிட்டது. கொச்சையான நகைச்சுவைதான். ஆனால் பின்னால் நடந்தவற்றுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் வாசித்ததில்லை.

மாநில செனட்டர், துணை ஆளுநர் என்று ஏறி, 1910-இல் ஆளுநர் தேர்தலில் தோற்று, 1914-இல் அமெரிக்க செனட்டுக்குத் தேர்வானார். அங்கே பெரிதாக எதையும் சாதிக்கவில்லை, எதிரிகளையும் சம்பாதிக்கவில்லை. 1920-இல் சிகாகோவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டில் முன்னணியில் இருந்த லெனர்ட் உட்டும் ஃபிராங்க் லவ்டனும் ஒருவரை ஒருவர் வெல்ல முடியாமல் முட்டிக்கொண்டு நின்றபோது, அந்த எதிரியில்லாத தன்மையே கை கொடுத்தது. ஹார்டிங்கின் தேர்தல் பொறுப்பாளர் ஹாரி டாகர்ட்டி மாதங்களுக்கு முன்பே ஆரூடம் சொல்லியிருந்தார்: மாநாடு திணறும், நள்ளிரவு தாண்டி களைத்துப்போன பத்துப் பதினைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஹார்டிங்கைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று. அந்த இரவு பிளாக்ஸ்டோன் ஹோட்டல் அறையில் கட்சிப் பெரியவர்கள் சுருட்டுப் புகைக்கு நடுவே பேசினார்கள். மறுநாள் பத்தாவது சுற்று வாக்கெடுப்பில் ஹார்டிங் வேட்பாளர் ஆனார். அந்த அறைதான் அவரைத் தேர்ந்தெடுத்தது என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் அவ்வளவாக ஒப்புக்கொள்வதில்லை. புகை மண்டிய அறை என்ற சொல்வழக்கு மட்டும் அமெரிக்க அரசியலில் தங்கிவிட்டது.

உலகப் போரும் ஃபுளூ காய்ச்சலும் வேலைநிறுத்தங்களும் மக்களைச் சலிப்படையச் செய்திருந்த ஆண்டு அது. பழைய சகஜ வாழ்வுக்குத் திரும்புவோம் என்றார் ஹார்டிங். ஊர் ஊராக அலைவதைக் குறைத்துக்கொண்டு மேரியனில் தன் வீட்டுத் திண்ணையில் நின்றே பெரும்பாலான பிரசாரத்தை முடித்தார். கூட்டம் ரயிலேறி வந்தது. நாடு முழுவதும் பெண்கள் வாக்களித்த முதல் அதிபர் தேர்தலில் 60 சதவீத வாக்குகளை அள்ளினார்.

அமைச்சரவையை அமைத்ததில் அவருடைய இரண்டு முகங்களும் தெரிந்தன. வெளியுறவுக்கு சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸ், வணிகத்துக்கு ஹெர்பர்ட் ஹூவர், நிதிக்கு ஆண்ட்ரூ மெல்லன். கட்சியில் கிடைத்த தலைசிறந்த மூளைகள் இவை. அடுத்த கையால் டாகர்ட்டியை அட்டர்னி ஜெனரல் ஆக்கினார், அதாவது நீதித்துறையையே நண்பரிடம் கொடுத்தார். ஹவாயில் பழக்கமான சார்ல்ஸ் ஃபோர்ப்ஸுக்குப் போர் வீரர் நலத்துறையைக் கொடுத்தார். செனட்டில் பக்கத்து இருக்கை நண்பர்போல் பழகிய நியூ மெக்சிகோவின் ஆல்பர்ட் ஃபாலுக்கு உள்துறை. அமெரிக்காவில் அந்தத் துறை போலீஸைப் பார்ப்பதில்லை. அரசு நிலம், கனிமம் ஆகியவையே அதன் கையில். தன் சகாவின் பெயர் வந்ததும் செனட் பெரிய கேள்வி எதுவும் கேட்காமல் உடனே ஒப்புதல் கொடுத்தது. பிறகு அறச்சீற்றம் கொண்ட செனட்டர்கள் பலருக்கு இது நினைவிருந்ததா என்று தெரியவில்லை.

நாட்டில் மதுவிலக்கு அமலில் இருந்தது. வெள்ளை மாளிகையின் மாடியில் வாரம் இரண்டு முறை சீட்டாட்டம் நடக்கும், விஸ்கி தாராளமாகப் புழங்கும். ஓஹியோ கும்பல் என்று வாஷிங்டன் கிசுகிசுத்த கூட்டத்துக்குக் கே தெருவில் ஒரு பச்சை வீடு இருந்தது. மதுவிலக்கு அனுமதிச் சீட்டு, மன்னிப்பு, பதவி என்று அங்கே எல்லாவற்றுக்கும் விலை பேசப்பட்டது.

இனி எண்ணெய்க்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்க்கப்பல்கள் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறின. போர் வந்து எண்ணெய் தீர்ந்துவிட்டால் கடற்படை முடங்கிப்போகும் என்ற பயத்தில், கலிஃபோர்னியாவின் எல்க் ஹில்ஸ், பியூனா விஸ்டா வயல்களை அதிபர் டாஃப்ட்டும், வயோமிங் மாநிலத்தின் டீபாட் டோம் வயலை 1915-இல் அதிபர் வில்சனும் கடற்படைக்கென ஒதுக்கிவைத்தார்கள். தேநீர்க் கூஜாவைப் போன்ற ஒரு பாறை பக்கத்தில் நின்றதால் அந்தப் பெயர். எண்ணெயை எடுக்காமல் பூமிக்குள்ளேயே வைத்திருப்பதுதான் திட்டம்.

ஃபால் பதவியேற்ற சில வாரங்களில், 1921 மே 31 அன்று, இந்த வயல்களின் பொறுப்பு கடற்படையிடமிருந்து உள்துறைக்கு மாறியது. கடற்படை அமைச்சர் எட்வின் டென்பி மறுப்பில்லாமல் விட்டுக்கொடுத்தார், ஹார்டிங் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் டீபாட் டோம் முழுவதும் ஹாரி சின்கிளேர் என்பவரின் எண்ணெய் நிறுவனத்துக்குக் குத்தகைக்குப் போனது. எல்க் ஹில்ஸ் டோஹனிக்கு. ஏலம் இல்லை, போட்டி இல்லை, அறிவிப்பும் இல்லை. பக்கத்து வயல்களில் தோண்டும் தனியார் கிணறுகள் அரசு எண்ணெயை உறிஞ்சிவிடும், அதற்குள் நாமே எடுப்பது நல்லது என்பது ஃபாலின் வாதம். பதிலுக்கு ஹவாயின் முத்துத் துறைமுகத்தில் (பேர்ல் ஹார்பர்) கடற்படைக்கு எண்ணெய்த் தொட்டிகள் கட்டித் தருவதாக டோஹனி ஒப்புக்கொண்டிருந்தார். வாதத்தில் கொஞ்சம் உண்மை இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. நாட்டின் பாதுகாப்பு ரகசியம் என்று சொல்லி ஒப்பந்தத்தையே மூடி மறைத்ததற்குத்தான் நியாயம் கிடையாது.

விஷயம் கசிந்து, 1922-இல் செனட் விசாரணைக்கு உத்தரவிட்டது. அப்போது ஹார்டிங் செனட்டுக்கு எழுதிய கடிதம் முக்கியமானது. இந்தக் கொள்கை முன்கூட்டியே என்னிடம் சமர்ப்பிக்கப்பட்டது, அதன் பின் நடந்த அனைத்துக்கும் என் முழு ஒப்புதல் உண்டு என்று எழுதினார். நண்பர் மேல் இருந்த நம்பிக்கையில் தன் கழுத்தையே அடமானம் வைத்த கடிதம் அது. விசாரணை அதிகாரியைப் போல நாலு கேள்வி கேட்டிருந்தால் அவர் அதை எழுதியிருக்க மாட்டார்.

விசாரணையை நடத்தியவர் மான்டானா மாநிலத்து ஜனநாயகக் கட்சி செனட்டர் தாமஸ் வால்ஷ். வறண்ட மனிதர், கோப்புகளை மாதக்கணக்கில் வரி விடாமல் படித்தார். 1923 அக்டோபரில் பகிரங்க விசாரணை தொடங்கியபோது பத்திரிகைகளுக்கே சுவாரசியம் இல்லை. நியூ மெக்சிகோவில் ஃபாலின் பண்ணையைச் சுற்றி வாழ்ந்தவர்கள் சாட்சி சொன்ன பிறகுதான் கதை சூடுபிடித்தது. நிலவரி பாக்கி வைத்திருந்த மனிதர் திடீரென்று பாக்கியைக் கட்டினார், பக்கத்து நிலத்தை வாங்கினார், பண்ணையைப் புதுப்பித்தார். சின்கிளேரின் உயர்ஜாதி மாடுகள் ரயிலில் வந்து இறங்கின. இவ்வளவும் அமைச்சர் சம்பளத்திலா?

வாஷிங்டன் போஸ்ட்டின் அன்றைய உரிமையாளர் எட்வர்ட் மக்லீன் தனக்கு ஒரு லட்சம் கடன் கொடுத்தார் என்று எழுதிக் கொடுத்தார் ஃபால். மக்லீனும் முதலில் ஆமாம் என்றார். சைனஸ் தொல்லை, வாஷிங்டனுக்கு வர முடியாது என்று ஃபுளோரிடாவில் உட்கார்ந்துகொண்டார். வால்ஷ் ரயிலேறி பாம் பீச்சுக்கே போய் நின்றார். கேள்விக்கு முன்னால் மக்லீன் நிற்கவில்லை: காசோலைகள் கொடுத்தது உண்மை, ஃபால் அவற்றை மாற்றாமலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டார். அப்படியானால் பணம் யாருடையது?

1924 ஜனவரி 24 அன்று டோஹனியே செனட் குழு முன் வந்து சொன்னார்: பணம் என்னுடையது. என் மகன் கறுப்புக் கைப்பையில் ரொக்கமாக எடுத்துச் சென்று கொடுத்தான். பழைய சிநேகிதருக்குக் கொடுத்த கைமாற்று. எனக்கு அந்தத் தொகை சாதாரண மனிதனுக்கு 25 டாலரோ 50 டாலரோ போல. கடனுக்கு எழுதி வாங்கிய சீட்டு எங்கே என்று கேட்டார்கள். பிறகு அதையும் கொண்டு வந்தார். சீட்டு இருந்தது, கையெழுத்து இருந்த இடம் கிழிக்கப்பட்டிருந்தது. தான் இறந்துபோனால் தன் வாரிசுகள் ஃபாலை நெருக்கக்கூடாது என்ற இரக்கத்தால் கிழித்ததாக விளக்கம். சின்கிளேரின் பக்கத்திலிருந்தும் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் அரசுக் கடன் பத்திரங்களாக ஃபாலுக்குப் போயிருந்தது பின்னால் வெளியானது.

இவை எதையும் ஹார்டிங் காணவில்லை. ஆனால் 1923 தொடக்கத்திலேயே அவருக்கு வாடை அடித்துவிட்டது. போர் வீரர் மருத்துவமனைகளுக்கு வாங்கிய புத்தம்புதிய படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் உபரி என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு ஃபோர்ப்ஸ் விற்றுக்கொண்டிருந்தார். காலும் கையும் இழந்து திரும்பியவர்களுக்கான பணத்தில் கை வைத்த இந்தச் செயல், எண்ணெய் ஊழலைவிட அருவருப்பானது என்பேன். விஷயம் தெரிந்ததும் ஹார்டிங் அவரைக் கைதுசெய்யச் சொல்லவில்லை. வெளிநாடு போய் அங்கிருந்து ராஜினாமாக் கடிதம் அனுப்ப விட்டார். முகத்தாட்சண்யம் குற்றத்துக்கு உடந்தையாக மாறும் இடம் அதுதான். ஃபோர்ப்ஸின் சட்ட ஆலோசகர் மார்ச்சில் தற்கொலை செய்துகொண்டார். டாகர்ட்டியின் நிழலாகத் திரிந்த ஜெஸ் ஸ்மித் மே மாத இறுதியில் அதே முடிவைத் தேடிக்கொண்டார். எதிரிகளை நான் பார்த்துக்கொள்வேன், பாழாய்ப்போன என் நண்பர்கள்தான் இரவில் என்னைத் தூங்க விடுவதில்லை என்று பத்திரிகையாளர் வில்லியம் ஆலன் வைட்டிடம் ஹார்டிங் புலம்பியதாக வைட் பின்னர் எழுதினார்.

அந்தக் கோடையில் மேற்கு மாநிலங்களுக்கும் அலாஸ்காவுக்கும் நீண்ட பயணம் போனார். திரும்பும் வழியில் நோயுற்றார். கெட்டுப்போன நண்டு என்றார் கூடவே வந்த ஹோமியோபதி டாக்டர். மற்ற டாக்டர்களுக்கு இதயத்தின் மேல் சந்தேகம் இருந்தது, அவர்கள் சொன்னதே சரி. 1923 ஆகஸ்ட் 2 மாலை சான் ஃபிரான்சிஸ்கோ பேலஸ் ஹோட்டலில், தன்னைப் புகழ்ந்து வந்த பத்திரிகைக் கட்டுரையை மனைவி வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. பிரேதப் பரிசோதனைக்கு ஃபுளோரன்ஸ் சம்மதிக்கவில்லை. மனைவியே விஷம் வைத்தார் என்ற வதந்தி பிறக்க அது போதுமானதாக இருந்தது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. வாஷிங்டன் திரும்பிய அவர் கணவரின் காகிதங்களில் பலவற்றை எரித்தார் என்பதோ உண்மை. சவரயில் போன வழியெங்கும் லட்சக்கணக்கானோர் நின்று அழுதார்கள். இன்னும் ஆறு மாதம் உயிரோடிருந்திருந்தால் அதே கூட்டம் என்ன செய்திருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது. சாவு அவருக்குச் சரியான நேரத்தில் வந்தது.

துணை அதிபராக இருந்து அதிபரான கூலிட்ஜ் சாமர்த்தியசாலி. ஊழலை விசாரிக்க ஒரு குடியரசுக் கட்சிக்காரரையும் ஒரு ஜனநாயகக் கட்சிக்காரரையும் சிறப்பு வழக்கறிஞர்களாகப் போட்டார். பெரும் வாக்கு வித்தியாசத்தில் 1924 தேர்தலில் வென்றார். சில பெரிய பத்திரிகைகள் விசாரணை நடத்திய செனட்டர்களையே அவதூறுக்காரர்கள் என்று திட்டின. 1927-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு குத்தகைகளையும் மோசடி என்று ரத்து செய்தது. ஃபாலுக்கு ஓராண்டுச் சிறை, ஃபோர்ப்ஸுக்கு இரண்டாண்டு. சின்கிளேர் லஞ்சத்துக்காக அல்ல, செனட்டின் கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்ததற்கும் ஜூரிகளைத் துப்பறியும் ஆட்களை வைத்துப் பின்தொடர்ந்ததற்கும் சிறை போனார். டாகர்ட்டி இரண்டு முறை வழக்கைச் சந்தித்தார், இரண்டு முறையும் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. மேரியனில் பொதுமக்கள் நன்கொடையில் எழுந்த பளிங்கு நினைவிடம் 1927-இல் கட்டி முடிந்தும், திறந்துவைக்கப் பெரிய தலைவர் யாரும் வரத் துணியாமல் 1931 வரை காத்திருந்தது. கடைசியில், அதற்குள் அதிபராகியிருந்த ஹெர்பர்ட் ஹூவர் வந்து, நம்பியவர்கள் அவருக்குத் துரோகம் செய்தார்கள் என்று மேடையிலேயே பேசினார். அடுத்த மாதம் ஃபால் சிறைக்குள் நுழைந்தார்.

அந்தரங்கமும் தப்பவில்லை. நேன் பிரிட்டன் என்ற பெண் தன் மகளுக்குத் தந்தை ஹார்டிங்தான் என்று 1927-இல் வெளிப்படையாக எழுதியபோது ஊர் அவரைத் தூற்றியது. 2015-இல் மரபணுச் சோதனை அவர் சொன்னது உண்மை என்று காட்டியது. மேரியன் நகரத்து நண்பரின் மனைவி கேரி ஃபிலிப்ஸுக்கு ஹார்டிங் எழுதிய காதல் கடிதங்கள் ஐம்பது ஆண்டுகள் பூட்டி வைக்கப்பட்டிருந்து 2014-இல் வெளியாயின. அவற்றை வாசித்துச் சிரித்தவர்கள் ஏராளம்.

ஆட்சியின் நல்ல பக்கத்தை எடுத்துச் சொல்ல இப்போது ஆட்கள் கூடியிருக்கிறார்கள். போரை எதிர்த்துப் பேசியதற்காகச் சிறையில் இருந்த சோசலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸை வில்சன் விடுவிக்க மறுத்தார். ஹார்டிங் 1921 கிறிஸ்துமஸுக்கு விடுவித்து வெள்ளை மாளிகைக்கும் வரச் சொன்னார். அதே ஆண்டு அக்டோபரில் அலபாமாவின் பர்மிங்காமில், வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து நிறுத்தியிருந்த கூட்டத்தின் முன், கறுப்பருக்கு வாக்குரிமையும் சம வாய்ப்பும் வேண்டும் என்று பேசினார். சமூக சமத்துவத்தைக் கேட்கவில்லைதான். ஆனாலும் தெற்கில் நின்று அந்த அளவு பேசிய அதிபர் அன்று வேறு இல்லை. அமெரிக்க அரசுக்கு ஒழுங்கான வரவு செலவுத் திட்ட முறையும், பெரிய கடற்படைகளைச் சுருக்கிய வாஷிங்டன் உடன்பாடும் அவர் காலத்தவை. இதே ஆட்சிதான் குடியேற்றத்துக்கு நாடுவாரி வரம்பு போட்ட 1921 சட்டத்தையும் கொண்டுவந்தது. அவர் நியமித்த நீதிபதி ஜார்ஜ் சதர்லாண்டே 1923-இல் பகத் சிங் தின்ட் வழக்கில் இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர்கள் என்று எழுதினார். நல்லவர் என்ற சான்றிதழை அவசரப்பட்டுக் கொடுக்கவும் முடியாது.

ஊழலின் எச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. டாகர்ட்டியின் கீழ் இருந்த புலனாய்வுத் துறை (பின்னாளைய எஃப்.பி.ஐ.), விசாரணை நடத்திய செனட்டர்களையே உளவு பார்த்தது. அவருக்குப் பின் வந்த அட்டர்னி ஜெனரல் ஹார்லன் ஸ்டோன் அதன் தலைவரை விலக்கிவிட்டு, துறையைச் சுத்தம் செய்ய 29 வயது இளைஞர் ஒருவரை 1924-இல் நியமித்தார். அந்த இளைஞர் ஜே. எட்கர் ஹூவர். 48 ஆண்டுகள் நாற்காலியை விடாமல் உட்கார்ந்து, அதே உளவு வேலையை இன்னும் கச்சிதமாகச் செய்தார்.

டாகர்ட்டியின் சகோதரர் ஓஹியோவில் வங்கி நடத்தினார். செனட் கூப்பிட்டும் வர மறுத்தார். தனிமனிதனை இழுத்து வந்து கேள்வி கேட்கக் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1927-இல் நீதிமன்றம் உண்டு என்றது: சட்டம் இயற்ற வேண்டியவர்களுக்குத் தகவல் வேண்டும், தகவல் தர மறுப்பவரைக் கட்டாயப்படுத்தலாம். பின்னாளில் அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் விசாரணை நின்றது இந்தத் தரையில்தான். டொனால்ட் டிரம்ப்பின் கணக்குகளைக் காங்கிரஸ் கேட்ட வழக்கில் 2020-லும் நீதிபதிகள் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டினார்கள்.

இன்னொன்று 1924-இன் வருமானவரிச் சட்டத்தில் ஒரு பிரிவு. எண்ணெய் ஊழல் விசாரணையும், நிதியமைச்சர் மெல்லனின் வரித்துறை பற்றிய விசாரணையும் ஒரே காலத்தில் நடந்தன. யாருடைய வரிக் கணக்கையும் பார்க்க அதிபரின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தது காங்கிரஸை எரிச்சலூட்டியது. எனவே வரிவிவகாரக் குழுக்கள் கேட்டால் எவருடைய கணக்கையும் கொடுத்தாக வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். பல பத்தாண்டுகள் பெரும்பாலோர் மறந்து கிடந்த அந்தப் பிரிவைத்தான் 2019-இல் பிரதிநிதிகள் சபைக் குழு தூசி தட்டி எடுத்து, பதவியில் இருந்த அதிபர் டிரம்ப்பின் வரிக் கணக்கைக் கேட்டது. மூன்றரை ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். கீழ் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று எங்கும் டிரம்ப் தரப்பின் எதிர்ப்பு எடுபடவில்லை. 2022 டிசம்பரில் குழு அந்தக் கணக்குகளை வெளியிட்டது.